பாட்டும் அதன் ஊதியமும்: சுப்பிரமணிய பாரதியார் வரலாற்றில் ஒரு பகுதி

பெரியோர் வரலாறுகளை நாம் பெரும்பாலும் அவர்தம் அறிவையும் ஆற்றலையும் வியந்தே கற்கின்றோம். அவர்கள் அரிசி வாங்கியது எவ்வாறு, வீட்டு வாடகை கொடுத்தது எவ்வாறு என்னும் வினாக்களை எழுப்புதல் அவர்தம் பெருமைக்கு இழுக்கென்று எண்ணிவிடுகின்றோம். ஆயினும், ஒரு புலவன் கட்டிய பாட்டை நாடு முழுவதும் பாடுங்கால், அப்பாட்டால் அவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் கிடைத்தது யாது என்று கேட்பது முறையான கேள்வியேயாம். ஆதலின் இவ்வாண்டு மலரில் சுப்பிரமணிய பாரதியாரது வரலாற்றை இவ்வொரு நோக்குக் கொண்டு மட்டும் எழுதத் துணிந்தோம்.

இதற்குக் காரணமும் உண்டு. பேரணாம்பட்டிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணாக்கருள் பாட்டுக் கட்டுவோர் எக்காலத்தும் உளர். கலியாண வீட்டிற்கு உருதுவில் வாழ்த்துப் பாடுவோரும், திருவிழா நாடகத்திற்குத் தமிழில் பாட்டெழுதிக் கொடுப்போரும், ஆலய ஆராதனைக்குக் கீர்த்தனை இயற்றுவோரும் அவருள் அடங்குவர். அவர்தம் தந்தையர் கேட்கும் கேள்வி ஒன்றே. இத்தொழிலால் வயிறு நிறையுமா என்பதே அது. அக்கேள்விக்கு விடை கூற, வாணிகம் அறிந்த அவ்வூரிலிருந்தே ஓர் உவமையை எடுத்துக்கொள்வோம்.

ஓர் ஆட்டுத்தோல் உப்பிட்ட பச்சைத் தோலாகச் சந்தையில் வாங்கப்படும்போது அதற்கு ஒரு விலை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்டபின் சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் அதற்கு வேறு விலை. கடல் கடந்து சென்று காலணியாகவும் கையுறையாகவும் ஆனபின் அதன் விலை இன்னும் பன்மடங்காகும். பச்சைத் தோலை விற்றவனுக்குப் பின்னர் வந்த விலைகளில் பங்கில்லை. அவன் அதனை எதிர்பார்ப்பதும் இல்லை; ஏனெனில், கொடுத்த தோல் கொடுத்ததே, அஃது அவனிடம் மீள்வதன்று. பாட்டு அத்தகையதன்று. பதினாயிரம் பேர் பாடினும் அது தேயாது. கேட்டவன் எடுத்துச் சென்றபின்னும் அது கட்டினவனிடமே நிற்கும். அங்ஙனமிருக்கவும், பாட்டுக் கட்டுவோர் பலர் பச்சைத் தோல் விற்போரைப் போலவே ஒரு முறை ஒரு விலைக்குத் தம் பொருளை விற்றுவிட்டு, பின்வரும் விலைகளையெல்லாம் பிறர்க்கு விடுகின்றனர். பாரதியாரது வாழ்க்கையும், அவர் மறைந்தபின் அவர் பாட்டுக்கள் அடைந்த நிலையும் இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

பாரதியாருக்கு முற்பட்ட பாவலர்க்கு ஊதியம் வந்த வழிகள் சிலவே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சரபோஜி மன்னரது ஆதரவைப் பெற்றிருந்தார். இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் சீகாழியில் கடை வைத்துப் பிழைத்து, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் போன்ற செல்வரிடம் பரிசு பெற்றார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாருக்குக் காரைக்காலிலிருந்த சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் உதவியால் நூல் அச்சேறிற்று. இவர்கள் யாவரும் புரவலரை நம்பியவர். புரவலன் மனம் மாறினாலும் மாண்டாலும் ஊதியம் அற்றுப்போகும். அச்சும் பத்திரிகையும் பெருகிய காலத்திற் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரோ பழைய வழியிலிருந்து புதிய வழிக்குக் கடக்க முயன்றவர். அம்முயற்சியின் நடுவிலேயே அவர் ஆயுள் முடிந்தது.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர் அரண்மனைச் சார்பில் வாழ்ந்தவர், இயந்திரங்களில் ஆர்வமுடையவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்று நிறுவ முயன்று பொருளையெல்லாம் இழந்தார். 1898-இல் அவர் மறைந்தபோது மகனுக்கு விட்டுச் சென்ற செல்வம் ஒன்றுமில்லை. அதற்கு முந்திய ஆண்டே சிறுவர்க்குச் செல்லம்மாளுடன் மணம் நிகழ்ந்திருந்தது. பாரதி என்னும் பட்டம் இளமையிலேயே கிடைத்தது. ஆனால் பட்டம் சோறிடாது என்பதை அவர் விரைவில் அறிந்துகொண்டார்.

காசியிற் சில ஆண்டுகள் கற்று மீண்டபின், 1902 முதல் 1904 வரை எட்டயபுரம் அரண்மனையில் அமர்ந்தார். பழைய புலவர் வழி அது. அஃது அவருக்கு ஒத்துவரவில்லை. 1904-ஆம் ஆண்டிலேயே மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவியாசிரியராகச் சென்னை சேர்ந்தார். அங்கே அவர்க்குச் சம்பளம் கிடைத்தது பாட்டுக்காக அன்று. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிய உழைப்புக்காகவே. பாட்டோ அவ்வுழைப்பிற்கு மேலே மிகுந்து வந்தது. இன்றும் பாட்டுக் கட்டுவோர் பலர்க்கு நிலை இதுவே. ஒரு வேலை வயிற்றுக்கு, மற்றொன்று உள்ளத்திற்கு.

1906-இல் இந்தியா என்னும் வாரப் பத்திரிகை தொடங்கியபின் அவர் பாட்டுக்கள் பரவலாயின. 1907-இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. அரசியற் கொள்கையில் பாரதியாருக்கு மாறுபட்டவரும், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானவருமாகிய வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய நாட்டுப் பாடல்களைக் கேட்டு உவந்து, அவற்றுட் சிலவற்றைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மாறுபட்ட கட்சியினர் செய்த இச்செயல் பெருந்தன்மையே. அதனால் புலவரின் பெயர் பல ஊர்களிலும் பரவிற்று. ஆயினும் கணக்குப் பார்ப்போமாயின், பதினையாயிரம் பிரதிகள் மக்கள் கையிற் சேர்ந்தும் அவற்றால் புலவர்க்கு நிலையான வருவாய் தோன்றவில்லை. இலவசமாகப் பரவும் பாட்டு புகழைத் தரும். புகழைப் பொருளாக்கும் வாய்க்கால் வெட்டப்படாவிடில், வெள்ளம் வீணே கடலிற் கலக்கும்.

1908-இல் சுதேச கீதங்கள் நூலாக வந்தது. அடுத்த ஆண்டு ஜன்ம பூமி வந்தது. நூல் விற்றுப் பொருள் தேடுதலாகிய புதிய வழி திறந்தது என்று நினைக்கும் வேளையில் அரசாங்கத்தின் சினமும் அவர்மேற் பாய்ந்தது. இந்தியா பத்திரிகை தொடர்பாகக் கைது நேருமென்று அஞ்சி 1908-இலேயே அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து நடத்தப்பெற்ற இந்தியா 1910-இல் நின்றது. 1911-இல் அவருடைய இரு சிறு நூல்களை அரசாங்கம் தடை செய்தது. ஒரு வாணிகனுக்குச் சந்தை அடைபட்டாற்போல, பாட்டுக்கு வாங்குவோர் இருந்தும் அதனை அவரிடம் கொண்டு செல்லும் பாதை அடைபட்டது.

புதுச்சேரியிற் கழிந்த பத்தாண்டுகளே அவர் பாட்டு வளம் மிகச் செழித்த காலம். கண்ணன் பாட்டும், குயிற் பாட்டும், பாஞ்சாலி சபதமும் அக்காலத்தின் விளைவுகள். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் அச்சேறிற்று. இரண்டாம் பாகம் அவர் உயிருடன் இருக்கும்வரை அச்சேறவில்லை. விளைச்சல் மிகுதி, வண்டி இல்லை. இக்குறையை ஒருவாறு தீர்த்தவர் பரலி சு. நெல்லையப்பர். அவர் 1917-இல் சென்னையிலிருந்து கண்ணன் பாட்டு முதலியவற்றைச் சிறு நூல்களாக வெளியிட்டார். தாமும் செல்வரல்லாத இளைஞர் ஒருவர் இத்தொண்டை மேற்கொண்டமை போற்றத்தக்கது. பாட்டுக் கட்டுவோன் ஒருவன். அதனை ஊர்தோறும் எடுத்துச் செல்வோன் மற்றொருவன். இருவரும் இணைந்தாலன்றி ஊதியம் பிறவாது என்பதற்கு இது சான்று.

1918-ஆம் ஆண்டு நவம்பரில் பாரதியார் புதுச்சேரியினின்று வெளியேறிக் கடலூரருகிற் கைதாகி, சில வாரங்களுக்குப்பின் விடுதலை பெற்று, மனைவியின் ஊராகிய கடையத்தில் தங்கினார். வறுமை கொடிதாயிருந்தது. 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குப் பாட்டாலேயே விண்ணப்பம் விடுத்தார். இளமையில் தாம் விட்டு விலகிய பழைய வழிக்குத் திரும்ப ஒரு முறை கதவைத் தட்டினார் எனலாம். கதவு திறக்கவில்லை.

அதன்பின் அவர் தீட்டிய திட்டமே நம் கட்டுரைக்கு நடுப்பொருளாவது. 1920-இல் தம் நூல்களையெல்லாம் 40 பாகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 10,000 பிரதிகள் அச்சிட்டு, ஆக 4 லட்சம் பிரதிகளை நாடெங்கும் குறைந்த விலைக்கு விற்பதென்று முடிவு செய்தார். அம்முயற்சிக்குத் தமிழ் வளர்ப்புப் பண்ணை என்று பெயரும் இட்டார். அச்சுக்கும் விளம்பரத்துக்கும் வேண்டிய முதலை நண்பர்கள் கடனாகத் தரவேண்டுமென்றும், வட்டியோடு திருப்பிக் கொடுப்பதாகவும் சுற்றறிக்கை அனுப்பினார். ஏழை வீட்டிலும் நாள்தோறும் வாங்கப்படும் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடத் தம் நூல்கள் எளிதாக விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை.

இதனைக் கவிஞரது கனவென்று நகைப்போர் உளர். நாம் அங்ஙனம் நகையோம். இத்திட்டத்தில் அவர் பிச்சை கேட்கவில்லை, கடன் கேட்டார். ஒரு செல்வன் கொடுக்கும் ஆயிரத்தை நாடாமல், பல்லாயிரவர் கொடுக்கும் சில அணாக்களை நாடினார். விலை குறைவாகவும் விற்பனை மிகுதியாகவும் இருத்தல் வேண்டும் என்னும் வாணிக நெறியைத் தமிழ்ப் பாட்டுக்குப் பொருத்திக் கண்டார். எழுத்தறிந்தோர் தொகை அந்நாளில் மிகக் குறைவு என்பதும், ஊர்தோறும் விற்பனை செய்வோர் இல்லை என்பதும் அவர் கணக்கிற் சேராத குறைகள். எனினும் கணக்கின் அடிப்படை பிழையன்று; நாடு பிந்தியிருந்தது. கடன் கொடுக்க எவரும் முன்வரவில்லை. அவர் அவ்வாண்டு மீண்டும் சுதேசமித்திரனிற் சம்பளத்திற்கு அமர்ந்தார். 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில், 39 வயது நிரம்பு முன்னரே, சென்னைத் திருவல்லிக்கேணியில் உயிர் நீத்தார்.

அமெரிக்க நாட்டுப் பாடலாசிரியர் ஸ்டீபன் பாஸ்டர் என்பவரது வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அவர் பாட்டுக்களை அந்நாட்டில் அறியாத வீடில்லை. முதலில் பாட்டுத்தாள் விற்பனையில் ஒரு பங்கு பெறும்படி ஒப்பந்தம் செய்துகொண்ட அவர், பணமுடையால் 1857-இல் தமக்கு இனி வரவேண்டிய பங்கையெல்லாம் ஒரு தொகைக்கு விற்றுவிட்டார். 1864-இல் நியூயார்க் நகரில் இறந்தபோது அவர் பையிலிருந்தது 38 சென்ட் மட்டுமே. முட்டுப்பாட்டில் விற்பவன் அடிமாட்டு விலைக்கே விற்பான் என்பது எல்லா நாட்டுக்கும் பொது.

பாரதியாரது உடல் மறைந்தது. பாட்டுக்கோ அன்றுதான் வாழ்வு தொடங்கிற்று. அக்காலத்தில் இந்தியாவில் நடைபெற்ற நூலுரிமைச் சட்டம், 1911-இல் இங்கிலாந்தில் இயற்றப்பெற்று 1914-இல் இந்தியாவுக்குப் பொருத்தப்பட்டது. அதன்படி நூலாசிரியர் இறந்தபின்னும் 50 ஆண்டுகள் உரிமை வாரிசுகளைச் சாரும். ஆகவே கணவர் விட்டுச் சென்ற ஒரே சொத்தாகிய பாட்டுரிமை செல்லம்மாளையும், தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு புதல்வியரையும் சேர்ந்தது. 1922-இல் செல்லம்மாள் பாரதி ஆச்ரமம் என்னும் பெயரால் சுதேச கீதங்களை வெளியிட்டார். நூல் வாணிகத்திற் பழக்கமில்லாத கைம்பெண் ஒருவர் அச்சுக்கூடத்துடனும் கடைக்காரருடனும் போராடி வெல்லுதல் எளிதன்று. பின்னர்ப் பாரதியாரது தம்பி சி. விசுவநாதனும், ஹரிஹர சர்மாவும், மருமகன் நடராஜனும் கூடி நடத்திய பாரதி பிரசுராலயம் அப்பணியை ஏற்றது. காலப்போக்கில் உரிமை முழுவதும் விசுவநாதனுக்கு விற்கப்பட்டது. மகளின் திருமணமும் கடனும் நெருக்கும் குடும்பத்திற்கு, நாளை வரும் பெரும்பொருளினும் இன்று வரும் சிறுபொருளே பெரிதாகத் தோன்றும்.

விசுவநாதனை நாம் குறை கூறுவதற்கில்லை. சிதறிக் கிடந்த எழுத்துக்களைத் தொகுத்து, பலரும் வாங்கும் விலையில் அச்சிட்டுத் தமிழ்நாட்டிற்கு அளித்தவர் அவர். 1928-இல் அரசாங்கம் பாரதியார் பாட்டு நூல்களைப் பறிமுதல் செய்தபோது பிரசுராலயம் பெருந்துன்பம் அடைந்தது. சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி அச்செயலைக் கண்டித்து வாதாடினார். தடையே பாட்டுக்கு விளம்பரமாயிற்று. நாடக மேடைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் பாரதியார் பாட்டு முழங்கிற்று. ஆனால் மேடையிற் பாடுவோர் அதற்குப் பணம் கொடுக்கவேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் அந்நாளில் இல்லை.

அவ்வெண்ணம் தோன்றிய கதையும் சுவையுடையது. 1847-இல் பாரிஸ் நகரத்து இசைவிடுதி ஒன்றில் எர்னெஸ்ட் பூர்ஜே என்னும் பாடலாசிரியர் அமர்ந்திருந்தார். அங்கே அவரது பாட்டே பாடப்பட்டது. என் பாட்டுக்கு நீர் பணம் தராதபோது உம் பானத்துக்கு நான் ஏன் தரவேண்டும் என்னும் கருத்தில் அவர் பணம் கொடுக்க மறுத்தார். வழக்கு நடந்தது, நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. விடுதிதோறும் தனி ஒருவர் சென்று பணம் தண்டல் இயலாதாகையால், பாடலாசிரியரும் இசையமைப்போரும் 1851-இல் ஒரு சங்கம் கண்டனர். சங்கம் எல்லோர்க்குமாக வசூலித்து, பாடப்பட்ட அளவுக்கேற்பப் பங்கிட்டது. இத்தகைய சங்கங்கள் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவின.

நிற்க. நம் நாட்டில் 1902-இல் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிற்று. 1931-இல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. 1938-இல் சென்னை வானொலி நிலையம் வந்தது. இவை ஒவ்வொன்றும் பாட்டுக்குப் புதிய சந்தை. தடித்த தோலை இயந்திரத்தால் பிளந்து, மேலடுக்கை ஒரு விலைக்கும் கீழடுக்கை ஒரு விலைக்கும் விற்பதைப் பேரணாம்பட்டு மாணாக்கர் அறிவர். பாட்டுரிமையும் அவ்வாறே பிளவுபடும் தன்மையது. அச்சிடும் உரிமை ஒன்று. தட்டிற் பதியும் உரிமை ஒன்று. படத்திற் சேர்க்கும் உரிமை ஒன்று. வானொலியில் ஒலிபரப்பும் உரிமை மற்றொன்று. 1930-களில் பாரதியார் பாட்டுக்களை இசைத்தட்டு முதலியவற்றிற் பயன்படுத்தும் உரிமை, அச்சுரிமையினின்று பிரிக்கப்பட்டு, சென்னையில் வணிகம் செய்த ஜெயசிங்லால் மேத்தா என்பவருக்குச் சிறு விலைக்கு விற்கப்பட்டது. கீழடுக்கு என்று எண்ணி விற்ற அதுவே மேலடுக்காக மாறும் என்பதை அப்பொழுது எவர் அறிவார்?

பின்னர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அவ்வுரிமையைப் பன்மடங்கு விலைகொடுத்து மேத்தாவிடமிருந்து வாங்கினார். 1947-இல் அவர் வெளியிட்ட நாம் இருவர் என்னும் படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டுக்கள் பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தன. 1920-இல் புலவர் கண்ட கனவு, அதாவது தீப்பெட்டியைப் போலப் பாட்டு வீடுதோறும் புகுதல், 27 ஆண்டுகளுக்குப்பின் அச்சால் அன்று, ஒலியால் நிறைவேறிற்று. ஆனால் அதன் ஊதியம் அவர் குடும்பத்தின் வாயிலில் நுழையவில்லை.

1948-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் எடுத்த பில்ஹணன் என்னும் படத்தில் பாரதியார் பாட்டு ஒன்று இடம்பெற்றது. தம் உரிமை மீறப்பட்டதென்று மெய்யப்பச் செட்டியார் வழக்குத் தொடுத்தார். சட்டத்தின்படி அவர் செய்தது தவறன்று. விலை கொடுத்து வாங்கிய பொருளைக் காப்பது வணிகர்க்கு முறையே. ஆயினும், விடுதலை பெற்ற நாட்டில் விடுதலைப் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று மக்கள் மனம் கொதித்தது. எழுத்தாளரும் நடிகரும் கூடிப் பாரதி விடுதலைக் கழகம் என ஒன்றை அமைத்தனர். வ. ரா., நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம், திருலோக சீதாராம் முதலியோர் அதில் ஈடுபட்டனர். அவருட் சிலர் திருநெல்வேலி சென்று செல்லம்மாளின் இசைவையும் பெற்று வந்தனர்.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரை முதல்வராகக் கொண்டிருந்த சென்னை அரசாங்கம் அவ்வேண்டுகோளுக்குச் செவி சாய்த்தது. மெய்யப்பச் செட்டியார் தாம் பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற உரிமையை ஈடு ஒன்றும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949-இல் அரசாங்கம் விசுவநாதனுக்கு 15,000 ரூபாய் கொடுத்து நூலுரிமையை வாங்கிற்று. செல்லம்மாளுக்கும் இரு புதல்வியர்க்கும் தலைக்கு 5,000 ரூபாய் வழங்கிற்று. இந்தியாவில் ஓர் எழுத்தாளரின் உரிமையை அரசாங்கம் வாங்கி நாட்டுக்கு ஆக்கியது அதுவே முதன்முறை. 1950-களின் நடுவில் அவ்வுரிமை பொதுமக்கள் யாவர்க்கும் விடப்பட்டது. அதனைப் பின்பற்றிப் பிற்காலத் தமிழ்நாட்டு அரசுகள் நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளன.

இம்முடிவு நன்றா என்பது ஆராயத்தக்கது. பாட்டு விடுதலை பெற்றமை நன்றே. யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம் என்றானதால் மலிவான பதிப்புக்கள் பெருகின. ஆனால் சட்டப்படி 1971 வரை நிற்கவேண்டிய உரிமை அது. குடும்பத்தார் கையில் அது விற்கப்படாமல் நின்றிருப்பின், திரைப்படமும் வானொலியும் பெருகிய அவ்விருபது ஆண்டுகளில் எத்துணைப் பொருள் ஈட்டியிருக்கும்! மற்றொரு புறம், குடும்பத்தார் கையில் உரிமை முன்னரே இல்லை. அரசாங்கம் தலையிடாதிருந்தால் அவர்க்கு அந்தப் பதினையாயிரமும் கிடைத்திராது. ஆகவே நாட்டுடைமையைக் குற்றம் கூறுதல் பொருந்தாது. 1949-இல் அரசு கொடுத்த தொகையில் ஒரு பகுதியை 1920-இல் நண்பர்கள் கடனாகக் கொடுத்திருப்பின் புலவர் தம் வாழ்நாளிலேயே தம் பாட்டின் பயனைக் கண்டிருப்பார் என்பதே நெஞ்சை வருத்துவது.

இனி, இக்காலத்துப் பாடலாசிரியர் நிலையைச் சிறிது நோக்குவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இன்று உரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. பதிவு செய்துகொள்ளுதல் கட்டாயமன்று. எழுதிய அளவிலேயே உரிமை பிறந்துவிடும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோர்க்காக வசூல் செய்யும் இந்தியச் சங்கம் 1969-இல் தோன்றிற்று. ஆயினும் 1977-இல் உச்ச நீதிமன்றம், படத்திற்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டின் உரிமை வேறு ஒப்பந்தம் இல்லையேல் படமுதலாளியைச் சாருமென்று தீர்ப்பளித்தது. மறுபடியும் பச்சைத் தோல் கதையே. 35 ஆண்டுகளுக்குப்பின், 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, படக்கொட்டகையில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, வானொலி, தொலைக்காட்சி, கைபேசி முதலிய பிற வழிகளிற் பாட்டுப் பயன்படும்போது வரும் பங்கில் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் சமபாகம் உண்டு. அப்பங்கை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வறுமையில் கையொப்பமிடுவோரை அவர்தம் கையினின்றே சட்டம் காக்கின்றது.

பேரணாம்பட்டுப் பாவாணர் அறியவேண்டியவை இன்னும் சில. உரிமையை மாற்றிக் கொடுத்தல் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது. எத்துணை ஆண்டுக்கு என்று குறிக்காவிடில் 5 ஆண்டுக்கே செல்லும். எந்நாட்டுக்கு என்று குறிக்காவிடில் இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். சமயச் சடங்குகளிலும், திருமண ஊர்வலத்திலும், மணத்தோடு சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டைப் பாடுதல் உரிமை மீறலாகாது என்றும் சட்டம் கூறுகின்றது. ஆதலின் கலியாணப் பந்தலில் அயலார் நம் பாட்டைப் பாடினால் அதனை வாழ்த்தாகக் கொள்வோம். அதே பாட்டை ஒரு நிறுவனம் பதிவு செய்து விற்குமாயின், பங்கு கேட்பது நம் கடமையாகும்.

மாணவ நண்பர்களே! பாட்டை விலை பேசுதல் இழிவென்று கருதுவோர் இன்னும் நம்மிடையே உளர். தோலைப் பதனிடும் தொழிலாளி கூலி கேட்பதை யாரும் இழிவென்னார். மொழியைப் பதனிடுவோன் கேட்டால் மட்டும் இழிவாவது எங்ஙனம்? நாட்டுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த பாரதியார்தாம் 4 லட்சம் பிரதிகளுக்குக் கணக்கெழுதினார். ஈகையும் கணக்கும் ஓருள்ளத்தில் ஒருங்கு வாழக்கூடும் என்பதை அவர் காட்டினார். கையொப்பமிடுமுன் தாளைப் படியுங்கள். முழு உரிமையையும் ஒருங்கே விற்காமல் பயனுக்குப் பயன் பிரித்துக் கொடுங்கள். தனித்து நில்லாமல் சங்கத்திற் சேருங்கள். உங்கள் நண்பருள் ஒருவர் நல்ல பாட்டு எழுதி அச்சுக்கு முதலின்றி நிற்பாராயின், அவர் மறைந்தபின் சிலை வைக்கக் காத்திராமல், இன்றே அவர் நூலில் இரண்டு பிரதி வாங்குங்கள்.